நிறம் ஒரு பெயராகுமா?

ஆண்டுதோறும் நம் தமிழ்ப்பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி நடைபெறுகின்றது. திடலோரத்தில் கூடாரங்கள் எழுகின்றன, தோரணங்கள் ஆடுகின்றன, பெற்றோர் குடையும் கையுமாக வந்து குழுமுகின்றனர். அணிவகுப்புத் தொடங்கியதும் ஒலிபெருக்கி முழங்குகின்றது: “இதோ, சிவப்பு இல்லத்தினர் வருகின்றனர்! அவர்களைத் தொடர்ந்து நீல இல்லத்தினர்! அடுத்து மஞ்சள்! இறுதியாகப் பச்சை!” கூடியிருப்போர் கைதட்டுகின்றனர். யாருக்காகக் கைதட்டுகின்றோம்? ஒரு சாயத்திற்காக.

இதனைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று கேட்பீர்களாயின், குற்றவாளி என்ற முறையில் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணியில் இருப்பவன் நான். அந்த ஒலிபெருக்கியை நானே பிடித்து அந்த நிறங்களை நானே முழங்கியிருக்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் நின்று, “ஐயா, நான் ஏன் மஞ்சள்?” என்று கேட்டாள். “பெயர்ப்பட்டியலில் உன் எண் அப்படி வந்ததம்மா” என்றேன். உண்மையான விடைதான். பட்டியலை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பிரித்தவர்கள் நாங்கள். குழந்தை தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த விடை அன்றிலிருந்து தொண்டையில் நிற்கின்றது.

இல்லமுறை நம்முடையது அன்று. இங்கிலாந்து நாட்டு உறைவிடப் பள்ளிகளில் மாணவர் பல வீடுகளில் தங்கிப் பயின்றனர். ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருந்தார். அவருடைய பெயரோ, பள்ளியைத் தோற்றுவித்தவர் பெயரோ அவ்வீட்டிற்கு வழங்கியது. பின்னர் வீட்டுக்கு வீடு ஆட்டப்போட்டிகள் எழுந்தன. அம்முறை மலாயாவிற்கு வந்தபோது வீடும் இல்லை, உறைவிடமும் இல்லை; பெயர் மட்டும் கப்பலேறி வந்தது. ஆங்கிலப் பள்ளிகள் அப்பெயரோடு மனிதர் பெயரையும் சேர்த்தே பெற்றுக்கொண்டன. நாமோ மனிதரைக் கழித்துவிட்டு வண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்னும் பள்ளி இருப்பதை அறிவீர்கள். 1893-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1929-இல் இன்றைய குன்றின்மேல் குடியேறிய பள்ளி அது. அதன் விளையாட்டு இல்லங்களின் பெயர்களைக் கேளுங்கள். ஷா என்று ஓர் இல்லம். அவர் பள்ளியின் முதல் தலைமையாசிரியர். டிரெச்சர் என்று ஓர் இல்லம். அவர் அன்றைய சிலாங்கூர் ரெசிடெண்டு. லோக் இயூ, யாப் குவான் செங் என்று சீனப் பெருமக்கள் பெயரில் இல்லங்கள். அவற்றோடு தம்புசாமி என்றும் ஓர் இல்லம்.

யார் இந்தத் தம்புசாமி? 1850-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். டேவிட்சன் என்னும் வழக்குரைஞரிடம் பணியாற்றி, அவர் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்தபோது அவரோடு வந்து அரசுப் பணியில் உயர்ந்தவர். பின்னர் அப்பணியை விடுத்துச் சுரங்கத் தொழிலில் இறங்கி, லோக் இயூவோடு சேர்ந்து ரவாங்கில் மின்விளக்கும் மின்பொறியும் கண்டவர். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலோடும் பத்துமலை முருகன் வழிபாட்டின் தொடக்கத்தோடும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்த பெயர் அவருடையது. விக்டோரியா பள்ளியின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். அவரைத் தேவராக்கித் தொழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரயில்பாதை வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்குண்டு. அந்த ஆட்கள் பட்ட பாட்டை அவர் பட்டவரல்லர். ஆயினும் பாருங்கள்! ஆங்கிலேயன் ஆட்சியில் ஆங்கிலத்தில் பயிற்றிய பள்ளி, மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும், “தம்புசாமி! தம்புசாமி!” என்று கூவ வழி செய்தது. அதே நகரில், அவர் எழுப்பிய கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பயிலும் தமிழ்ப் பிள்ளை, “பச்சை! பச்சை!” என்று கூவுகின்றான். இதைவிட வேறு சான்றும் வேண்டுமோ?

யாழ்ப்பாணத்தாரும் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கின்றனர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் இல்லங்கள் நாகலிங்கம், சபாபதி, காசிப்பிள்ளை, பசுபதி முதலிய பெரியோர் பெயர்களால் வழங்குகின்றன. அங்கிருந்து இந்நாட்டிற்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய எழுத்தரும் ஆசிரியரும் எத்தனை பேர்! கோவில் கட்டினர், சங்கம் வைத்தனர், மட்டைப்பந்தும் ஆடினர். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு யாரும் கொண்டுவந்து தரவில்லை.

“நிறமும் பெயர்தானே? உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களே நிறத்தைப் பெயராகக் கொண்டுள்ளனவே!” என்று என்னோடு வழக்காடிய நண்பர் ஒருவர் உண்டு. அவர் சொன்னது மெய். அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக அணிகளுக்குக் ‘கிரிம்சன்’, அதாவது கருஞ்சிவப்பு, என்பதே பெயர். ஆனால் அது வந்த வகையைப் பாருங்கள். 1858-இல் பாஸ்டன் நகரில் நடந்த படகுப் போட்டியில், கரையில் நிற்போர் தம்மை அடையாளம் காணவேண்டும் என்று ஹார்வர்டுப் படகோட்டிகள் செந்நிறக் கழுத்துத்துணிகளை வாங்கி அணிந்தனர். பின்னர் இந்நிறமா, வேறு நிறமா என்று வழக்கு எழுந்து, 1875-இல் மாணவர்களே வாக்களித்துக் கருஞ்சிவப்பைத் தேர்ந்தனர். அந்த நிறத்திற்குள் ஓர் ஆறு ஓடுகின்றது, வியர்வை இருக்கின்றது, வாக்குச்சீட்டு இருக்கின்றது. நம்முடைய மஞ்சளுக்குள் என்ன இருக்கின்றது? துணிக்கடை இரசீது இருக்கின்றது.

அந்நாட்டுக் கல்லூரி அணிகளின் பட்டப்பெயர்களை ஆராய்ந்தால் இன்னும் பல விளங்கும். நோட்டர் டேம் என்பது 1842-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தோற்றுவித்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அதன் அணிக்குச் ‘சண்டைக்கார ஐரிஷார்’ என்று பெயர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கரை மற்றவர் இகழ்ந்து நோக்கிய காலம் அது. அத்தகைய இகழ்ச்சிச் சொல்லையே எடுத்து மார்பில் அணிந்துகொண்டனர். 1927-இல் பல்கலைக்கழகமே அதனை முறைப்படி ஏற்றுக்கொண்டது. பிழைக்க வந்தவன் என்ற வசையை நாமும் கேட்டவர்கள் ஆதலால் இச்செய்தி நமக்கு எளிதில் விளங்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அம்மண்ணின் பழங்குடியினர் பெயர்களை, அவர்களைக் கேளாமலேயே, பல கல்லூரிகள் தம் அணிகளுக்குச் சூட்டிக்கொண்டன. ஸ்டான்பர்டு பல்கலைக்கழகம் தன் அணிகளின் ‘இந்தியர்’ என்ற பெயரை 1972-இல் கைவிட்டது. (அவர்கள் சொன்ன இந்தியர் நாமல்லர், கொலம்பசு வழிதவறியதால் வந்த குழப்பம் அது.) 2005-இல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கழகம் இத்தகைய பெயர்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் ‘செமினோல்’ என்ற பெயரைத் தொடர முடிந்தது. ஏன்? புளோரிடாவின் செமினோல் மக்களே இசைவு தந்தனர். வடடக்கோட்டா பல்கலைக்கழகமோ ‘சூ’ மக்களின் பெயரை 2012-இல் துறக்க நேர்ந்தது. ஒருவர் பெயரை எடுக்குமுன் அப்பெயருக்கு உரியவரைக் கேட்க வேண்டும் என்னும் எளிய நாகரிகத்தை அவர்கள் கற்க நெடுங்காலம் ஆயிற்று.

அமெரிக்கா வரை போவானேன்? நம் நாட்டுக் கால்பந்து அணிகளையே பாருங்கள். பகாங் அணிக்குத் ‘தோக் காஜா’ என்று பெயர். 1891-இல் மூண்ட பகாங் கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வீரர் ஒருவரின் பெயரும் அதுவே. திரெங்கானு அணி ஆமை. ரந்தாவ் அபாங் கடற்கரையில் முட்டையிட வந்த பேராமைகளை அறியாதார் யார்? சரவாக் அணிக்குப் ‘பூஜாங் செனாங்’ என்று பெயர்; லுப்பார் ஆற்றில் மக்களை நடுங்க வைத்து 1992-இல் சுட்டுக் கொல்லப்பட்ட முதலையின் பெயர் அது. முதலைக்குக்கூட ஊரும் ஆறும் ஆண்டும் இருக்கின்றன!

நம் பள்ளிகளில் அண்மைக்காலமாக ஒரு புதுமோகம் பரவி வருகின்றது. நிறம் போதவில்லை என்று உணர்ந்த இளம் ஆசிரியர் சிலர், ‘ரெட் டிராகன்ஸ்’, ‘புளூ ஷார்க்ஸ்’, ‘எல்லோ ஈகிள்ஸ்’ என்று பெயர் சூட்டிச் சட்டையில் அச்சடிக்கின்றனர். சட்டை அச்சடிப்பவர் கணினியில் வைத்திருக்கும் படங்களுள் எது அழகோ அதுவே அந்த ஆண்டின் பெயர். மறு ஆண்டு கழுகு சிறுத்தையாகும். தமிழ்ப்பள்ளித் திடலில், தமிழ்க் குழந்தையின் முதுகில், கடலையே காணாத சுறாமீன்! அவ்வாசிரியர்களின் ஆர்வத்தை நான் பழிக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஓர் உயிருள்ள பெயர் வேண்டும் என்று அவர்களாவது கண்டுகொண்டனர். எங்கே தேடுவது என்பதைத்தான் நாங்கள், மூத்தவர்கள், அவர்களுக்குக் காட்டவில்லை.

வள்ளுவர், கம்பர், ஔவையார், பாரதியார் என்று பெயர் வைத்துள்ள பள்ளிகளும் உண்டு. நிறத்தினும் இது மேல், ஐயமில்லை. ஆயினும் என் மனக்குறையைச் சொல்லிவிடுகின்றேன். ‘கம்பர் இல்லம்’ என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு ஓடும் பையனிடம் கம்பர் யார் என்று கேட்டுப் பாருங்கள். “தெரியாது ஐயா, நான் நீலம்” என்பான். பெயரைச் சூட்டிய ஆசிரியர் கதையைச் சொல்லவில்லை. மேலும், இப்புலவர்கள் எல்லாத் தமிழருக்கும் பொது. ஆகவே எந்தப் பள்ளிக்கும் சிறப்பாக உரியவர் அல்லர். ஆண்டாண்டுதோறும் அவர்கள் பெயரை ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வரவைப்பது அவர்களுக்குச் செய்யும் சிறப்பா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இன்னும் சிலர் உளர். அவர்களுக்குக் கரிகாலன், இராசராசன், இராசேந்திரன் என்றால்தான் குருதி ஓடும். ‘கடாரங்கொண்டான் இல்லம்’ என்று வைக்கலாமே என்று ஒருவர் என்னிடம் பரிந்துரைத்தார். கடாரம் என்பது எது? இன்றைய கெடா. நாம் குடியிருக்கும் நாட்டின் ஒரு பகுதியை வென்றவன் என்னும் பட்டத்தை நம் பத்து வயதுப் பிள்ளைகளின் மார்பில் எழுதி, பக்கத்து மலாய்ப் பள்ளியோடு நட்புப் போட்டிக்கு அனுப்புவதா? வரலாற்றுப் பாடத்தில் அதனைத் தாராளமாகப் படிக்கட்டும். திடலில் வேண்டா. வென்ற அரசனைவிட, இந்த மண்ணில் பால் வெட்டிய பாட்டன் நமக்கு நெருங்கிய உறவினன்.

பட்டப்பெயர் என்பது தமிழனுக்குப் புதிதன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று போர்க்களத்தையே பெயருக்கு முன் வைத்தவர்கள் நாம். இயற்பெயர் மறைந்துபோன புலவனைச் செம்புலப்பெயல்நீரார் என்று அவன் பாட்டுச் சொல்லாலேயே அழைத்தவர்கள் நாம். செயல் முன்னே, பெயர் பின்னே என்பது அம்முறை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் இரண்டு பந்தாட்டக் குழுக்கள் இருந்தன: மேல் லயம், கீழ் லயம். அவற்றை யாரும் ஏட்டில் எழுதிச் சூட்டவில்லை. தண்ணீர்க் குழாய் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று; அவ்வளவுதான். ஆனால் மேல் லயம் தோற்ற இரவில் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. இன்று அந்த லயங்கள் இல்லை, தோட்டமும் இல்லை, வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல், எங்கோ போய்விட்ட தோட்டத்திற்குச் சாட்சியாகத் தொங்குகின்றது.

ஆகவே நான் கேட்பது இது: கிள்ளானில் உள்ள பள்ளி கிள்ளானில் தேடட்டும்.

ஆர். ஆறுமுகம் கிள்ளானில் பிறந்தவர். சிலாங்கூருக்கும் நாட்டிற்கும் கோல் காத்தவர். நீண்ட கைகளால் அவர் பந்தைத் தாவிப் பிடித்த வகையைக் கண்டு மக்கள் அவரைச் ‘ஸ்பைடர்மேன்’ என்றனர். அந்தப் பட்டத்தை எந்தச் செயற்குழுவும் தீர்மானம் போட்டு வழங்கவில்லை. அரங்கில் அமர்ந்திருந்த மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே குரலில் வழங்கினர். 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் அவர் இருந்தார். நாடு அப்போட்டியைப் புறக்கணித்ததால் செல்ல இயலவில்லை. 1988-இல், முப்பத்தைந்தே வயதில், சாலை விபத்தில் மாண்டார். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றிலேனும் அவர் பெயரில் ஓர் இல்லம் இருந்ததில்லை. எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஸ்பைடர்மேன் யார் என்று கேட்டேன். அமெரிக்கத் திரைப்படங்களைப் பட்டியலிட்டனர்!

பெண்பிள்ளைகளுக்கு எம். ராஜாமணி இருக்கின்றார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966-இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர். டாக்டர் எம். ஜெகதீசன் இருக்கின்றார். 1966-இல் பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அவர் வைத்த தேசியச் சாதனை 2017 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, முறியடிக்கப்படாமல் நின்றது. ஓட்டப்பந்தயத்திற்குச் செல்லும் பிள்ளைக்கு வேறென்ன பெயர் வேண்டும்?

ஓடியவர்தாம் வேண்டும் என்பதில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களை ஒன்றுதிரட்டினார். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்களுள் சிலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார். நம் பள்ளிகள் அந்தக் கோரிக்கையின் பிள்ளைகள். இன்று பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே ஓடும் சிறுவன் இதனை அறிய வேண்டாமா?

எதிர்வாதத்தை நான் அறிவேன். “ஆளின் பெயரை வைத்தால் சண்டை வரும். அவர் என்ன சாதி, எந்தக் கட்சி, இந்தியாவா இலங்கையா என்று கேட்பார்கள். நிறத்திற்குச் சாதியில்லை” என்பார்கள். இதனை என்னிடம் சொன்னவர்கள் நல்லவர்கள். நம் சமுதாயத்தை நன்கு அறிந்தவர்கள். இந்த வாதத்திற்கு முன்தான் நான் பல ஆண்டுகள் வாய்மூடி இருந்தேன். ஆனால் அதன் பொருள் என்ன? நம்முள் ஒருவரைக்கூட நாம் எல்லோரும் சேர்ந்து மதிக்க இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலை ஆண்டுதோறும் நான்கு கொடிகளாக ஏற்றுகின்றோம் என்பதன்றோ! சண்டை வரட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிற்றுண்டிச் சாலைக் குத்தகைக்காகச் சண்டையிடுவதைவிட, ஆறுமுகமா ஜெகதீசனா என்று சண்டையிடுவது நமக்கு அழகு.

பெயர் வெறும் பெயர்தானே என்போர்க்கு அண்மை நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுகின்றேன். மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் அணி 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. ‘மீஃபா’ என்ற பெயர் கேட்டு, பந்தாட்டமே பாராத தாய்மார்கூட மதிப்பெண் கேட்டனர். பின்னர் அது பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. 2023-ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன் விலகிக்கொண்டது. பெயர் மாற்றத்தால்தான் அணி முடிந்தது என்று சொல்லமாட்டேன். பந்தாட்ட அணி பணத்தால் நடப்பது. ஆனால் அது விலகிய செய்தி வந்த நாளில், “போனது நம் அணி” என்று எங்கள் ஆசிரியர் அறையில் எத்தனை பேர் உணர்ந்தனர்? இருவர். ஒருவன் நான்.

எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு இம்முயற்சியைத் தொடங்கினோம். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களுக்குப் பன்னிரண்டு பேரின் கதைகளைக் காலைக் கூடுகையில், வாரம் ஒருவர் என்ற முறையில் சொன்னோம். பிறகு வாக்குச்சீட்டுத் தந்தோம். ராஜாமணி முதலாவதாக வந்தார். பெண்பிள்ளைகள் கட்டுப்பாடாக வாக்களித்திருக்கின்றனர். ஆறுமுகம் இரண்டாவது. மூன்றாவது தம்புசாமி, பத்துமலையின் செல்வாக்கு என்று நினைக்கின்றேன். வாழ்வோரிடமும் மறைந்தோர் குடும்பத்தாரிடமும் இசைவு கேட்டு எழுத வேண்டும் என்று முடிவு செய்துள்ளோம்.

நான்காம் இல்லத்திற்குத்தான் வழக்கு. மாணவர் வாக்கில் ஜெகதீசனும் நாதனும் சரிசமம். மேலாளர் வாரியத்தில் ஒருவர், வேலைநிறுத்தக்காரர் பெயர் பள்ளிக்கு ஆகாது என்கின்றார். தம் பாட்டனார் 1941-இல் அந்தக் கூட்டத்தில் நின்றவர் என்று சொல்லும் பெற்றோர் ஒருவர், அப்பெயர் இல்லையேல் தம் பிள்ளை ஓடமாட்டான் என்கின்றார். அடுத்த கூட்டம் வரும் மாதம். கொடித்துணி மட்டும் வாங்கி வைத்திருக்கின்றோம். எழுத்து இன்னும் அச்சாகவில்லை.